கண்ணாடியில் இல்லாத அழுக்கு

மே 27, திங்கள்

காலை வெறும் வயிற்றில் சீனி 11.2. சாப்பிட்டது: இரண்டு துண்டு பாண், முட்டை, சீனி போடாத தேநீர். (ஒரு கரண்டி போட்டேன். அதைக் கண்டுபிடிக்கத் தாதி முதலில் தமிழ் படிக்க வேண்டும்.)

இந்தக் கொப்பியைத் தந்தவள் கிளினிக்கில் இருக்கும் அந்தத் தாதிதான். காலையில் சீனி எவ்வளவு (ஏழுக்குள் இருக்க வேண்டுமாம்), என்ன சாப்பிட்டேன், இரண்டையும் தவறாமல் எழுத வேண்டுமாம். எழுதினால் அரைப்பக்கம்கூட நிரம்பாது. மிச்சத்தை வெறுமையாக விட மனம் வரவில்லை. ஓ.எல். சோதனையில் கணக்கில் மட்டுமட்டாகத் தப்பியவன் நான். தமிழில் மட்டும் ஒரு சி எடுத்தேன். அந்தச் சி-யை லண்டனில் வேறெங்கே செலவழிப்பது?

இன்று பொது விடுமுறை. பஸ்ஸுக்கு விடுமுறை இல்லை, ஆகவே எனக்கும் இல்லை. டிப்போவில் பஸ் கழுவுகிறவர்கள் முன்கண்ணாடியை ஒழுங்காகத் துடைப்பதே இல்லை. நடுவில், கொஞ்சம் இடப்பக்கமாக, அறுந்த சிலந்தி நூல்போல் கறுப்பாக ஒரு அழுக்கு. துடைத்தேன், போகவில்லை. கழுவுமிடத்தில் போய்ச் சொன்னேன். "நேற்று வேறு பஸ்ஸிலும் இதே இடத்தில்தான் அழுக்கு என்றாய்" என்றான் அங்கிருந்த போலந்துக்காரன். ஒரே ஆள் எல்லா பஸ்ஸையும் கழுவினால் அழுக்கும் ஒரே இடத்தில்தானே இருக்கும் என்றேன். துணியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு என் பஸ் பக்கம் போனான்.

கண் வைத்தியசாலையிலிருந்து சனிக்கிழமை கடிதம் வந்திருந்தது. சீனி வருத்தக்காரருக்கு வருடாவருடம் எடுக்கும் கண் படத்தின் முடிவு. இரண்டு கண்ணிலும் உள்ளே இரத்தம் கசிகிறதாம், உடனே வந்து காட்ட வேண்டுமாம். வாகனம் ஓட்டலாமா என்பதை வைத்தியரிடம் கேட்டறியவும் என்று கீழே ஒரு வரி. ஓட்ட வேண்டாம் என்று எழுதவில்லை, கேட்கத்தான் சொல்லியிருக்கிறது. நான் இன்னும் கேட்கவில்லை. கடிதம் இந்தக் கொப்பியின் பின்னட்டைக்குள் இருக்கிறது. சுகந்திக்குச் சொல்லவில்லை. என் சீனியைப் பற்றிய கவலையே அவளுக்குப் போதும்.

பின்னேரம் மகள் ஆரபி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பதினேழு வயது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஏதோ கேட்கப்போகிறாள்.

"அப்பா, ஒருநாள் ஒக்ஸ்ஃபோர்ட் போய்ப் பாப்பமா? அடுத்த வருசத்துக்கு அப்ளை பண்ணச் சொல்லி மிஸ் சொல்லுறா. ஊரைப் பாக்காமல் எப்பிடி அப்ளை பண்ணுறது?"

"நான் பாக்காமல்தான் லண்டனுக்கு வந்தனான்."

"அதுதான் பஸ் ஓட்டுறியள்" என்றாள். வாய் அப்படியே தாயின் வாய்.

மே 30, வியாழன்

10.4. புட்டு. களைப்பு. வேறொன்றும் இல்லை.

ஜூன் 1, சனி

10.9. பாண், பருப்பு.

ஜூலையில் ஐம்பத்தைந்து முடிகிறது. பஸ் லைசன்ஸைத் தொடர்ந்து வைத்திருக்க வைத்தியப் படிவம் நிரப்ப வேண்டும். அதில் கண்ணுக்கென்று தனிப் பக்கம் உண்டு. நான் கெட்டித்தனமாக ஒரு வேலை செய்தேன். முந்தாநாள் கண்ணாடிக் கடைக்குள் சும்மா பிரேம் பார்க்கிறவன்போல் நுழைந்து, சுவரில் தொங்கிய எழுத்து அட்டைக்குக் கிட்ட நின்று, கடைசி மூன்று வரியையும் பாடமாக்கிக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் இந்த ஊக்கம் இருந்திருந்தால் இன்று பஸ்ஸுக்குள் பின்சீட்டில் பேப்பர் வாசித்துக்கொண்டு போயிருப்பேன்.

இன்று அதே கடையில் சோதனை. உள்ளறையில் அட்டை இல்லை. திரை. கண் சோதிக்கிற பெண் ஒரு பொத்தானை அமத்த எழுத்துகள் மாறுகின்றன. அது எனக்கு எப்படித் தெரியும்? மங்கலாகத் தெரிந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு, சுவர் அட்டையின் மூன்று வரியையும் ஒரு பிழையில்லாமல் ஒப்புவித்தேன். அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு நல்ல ஞாபகசக்தி" என்றாள்.

படிவத்தில் கையெழுத்து வைக்கவில்லை. வைத்தியசாலையிலிருந்து கடிதம் ஏதும் வரவில்லையா என்று கேட்டாள். தபால்காரர் மீது பழியைப் போட்டுவிட்டு வந்தேன். நல்ல மனுசன் அந்தத் தபால்காரர்.

ஜூன் 5, புதன்

12.0. இரவு மிஞ்சிய சோறு.

டிப்போவில் நேசன் வந்து பக்கத்தில் நின்றான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். ஐந்து வருடத்துக்கு முன் நான்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தேன். இருவருக்கும் ஒரே வழித்தடம்.

"அண்ணை, நேற்று லைப்ரரி ஸ்ரொப்பில ஒரு மனுசி கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தவவாம். நீங்கள் நேர பாத்துக்கொண்டே விட்டிட்டுப் போட்டியளாம். பிறகு என்ர பஸ்ஸில ஏறி முழு வழியும் உங்களைத்தான் திட்டினவ."

"எனக்கு நேரம் பிந்திப்போச்சுது."

"நேரம் பிந்தினாலும் ஆளை விடுற ஆளோ நீங்கள்? தூரத்தில ஒரு சீலை பறக்கக் கண்டாலே பிரேக்கில காலை வைச்சிடுவியள்."

"வெயில் கண்ணுக்குள்ள அடிச்சது."

"நேற்று மழை, அண்ணை."

நான் தேநீர்க் கோப்பையை ஆராய்ந்தேன்.

பதினான்கு வருடம் ஒரே வழி. மூன்றாவது வேகத்தடை தாண்டியதும் பள்ளிக்கூடத் தரிப்பு. கோழிப்பொரியல் மணம் வந்தால் பதினெட்டு எண்ணும்போது சந்தி விளக்கு. ரெயில் பாலத்துக்குக் கீழ் எஞ்சின் சத்தம் கனக்கும், அது லேசானதும் காலைத் தளர்த்தினால் பஸ் தன் பாட்டில் லைப்ரரித் தரிப்பில் போய் நிற்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்த வழியில் ஓட்டுவேன் என்று புதுப் பெடியங்களிடம் பகிடியாகச் சொல்லித் திரிந்தேன். இப்போது அந்தப் பகிடியை விட்டுவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

10.1. தோசை மூன்று (நாலு).

ஆரபி நாள் குறித்துவிட்டாள். வருகிற வெள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியாம், பள்ளிக்கூடம் இல்லை. எனக்கும் அன்று ஓய்வுநாள். சாட்டுச் சொல்ல இடமே இல்லை. இருந்தும் மூன்று சொன்னேன்: டயர், மழை, வயிறு. ஒன்றும் எடுபடவில்லை.

"அப்ப ரெயினில போவம்" என்றாள் சுகந்தி.

ரெயினில் போயிருக்கலாம். எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் என் வாய் இருக்கிறதே. "பஸ்காரன் குடும்பத்தை ரெயினில ஏத்திக்கொண்டு போறதோ? ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்?"

"சரி, நான் காரை ஓட்டட்டே?"

சிரித்தேன். ஆரபியும் சிரித்தாள். சுகந்தி சிரிக்கவில்லை.

சுகந்தி லைசன்ஸ் எடுத்துப் பதினொரு வருடம். எடுத்த கிழமை என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கடை வரைக்கும் ஓட்டினாள். ஒன்றரை மைல். அதற்குள் நான் நாற்பது பிழை சொன்னேனாம், எண்ணி வைத்திருக்கிறாள். நாற்பத்தோராவதுக்குக் காரை நடுத்தெருவில் நிற்பாட்டிவிட்டு இறங்கி, மிச்ச வழியை நடந்தே போனாள். அன்றிலிருந்து அந்த லைசன்ஸ் அலுமாரிக்குள், கல்யாண அல்பத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இரண்டையும் அவள் திறந்து பார்ப்பதில்லை.

ஜூன் 13, வியாழன்

9.9. வீடு முழுக்கக் கட்லட் பொரிக்கும் மணம். நாளைப் பயணத்துக்கு. எனக்கு நாலுதானாம்.

பகல் நான் வேலையால் வந்தபோது சுகந்தி என் மேசையில் காரின் காப்புறுதிப் பத்திரத்தைத் தேடி எடுத்து வைத்திருந்தாள். ஏன் என்றேன். "தூரப் பயணம், கையில இருக்கட்டும்" என்றாள். பிறகு வெளியே போய் வினாகிரியும் பழைய பேப்பரும் வைத்துக் காரின் முன்கண்ணாடியை ஒரு மணித்தியாலம் தேய்த்தாள். நான் அழுக்கு அழுக்கு என்று அரற்றுவது தாங்கவில்லையாக்கும். முகம் ஏனோ வாடியிருந்தது. வெங்காயம் உரித்திருப்பாள்.

ஜூன் 14, வெள்ளி

15.1 (இரவு பார்த்தது). ஒக்ஸ்ஃபோர்ட் போய் வந்தோம். பழைய ஊர். கட்டடங்கள் எல்லாம் தேன் நிறம். சைக்கிள் கூட. சனம் நல்ல சனம். ஆரபிக்குப் பிடித்திருக்கிறது. கட்லட் ஒன்பது சாப்பிட்டேன். களைப்பு. படுக்கிறேன்.

ஜூன் 15, சனி

13.3.

நேற்று எழுதியதில் பொய் இல்லை. ஒன்பது கட்லட்டும் உண்மை. ஏன் ஒன்பது என்பதைத்தான் எழுதவில்லை.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். எங்கே போனாலும் செருப்போடு வருகிற சுகந்தி சப்பாத்துப் போட்டு, இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். "என்ன, யூனிவேர்சிற்றியில ஓட்டப்போட்டியோ?" என்றேன். "ஒருக்கா நான் ஓட்டிப் பாக்கட்டே?" என்று மறுபடியும் கேட்டாள். அறுபது மைல், மோட்டர்வே, விளையாட்டில்லை என்றேன். பின்சீட்டில் ஏறினாள். ஆரபி முன்னால், கையில் போன், போனில் வழி.

மோட்டர்வேயில் சிரமம் இல்லை. பெரிய லொறி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு போனேன். வீடு மாதிரி அகலமான பின்புறம். அது ஐம்பதில் போனால் நானும் ஐம்பதில். ஆரபி கொட்டாவி விட்டாள். அழுக்கு மட்டும் அதே இடத்தில். வினாகிரி போட்டுத் தேய்த்த கண்ணாடியில், அதே சிலந்தி நூல். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கித்தான் இருந்தது.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய கார்த் தரிப்பிடம் வந்தது.

"அப்பா, காரை இங்க விட்டிட்டு பஸ்ஸில போகச் சொல்லிக் கிடக்கு. ரவுனுக்குள்ள கார் விடமாட்டாங்களாம்."

"லீவு நாளிலையும் பஸ்ஸோ!" என்றேன். பகிடி. இருவரும் சிரிக்கும்வரை காத்திருந்தேன். சிரிக்கவில்லை. ஆனால் திருப்பத்தையும் தாண்டிவிட்டேன்.

ஊருக்குள் நுழைந்ததும் எனக்கு உடம்பு வேர்த்தது. ஒரு வேகத்தடையும் எனக்குத் தெரிந்த வேகத்தடை இல்லை. ஒரு மணமும் தெரிந்த மணம் இல்லை. பலகைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆரபி இடம் என்கிறாள், வலம் என்கிறாள், அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்த இடம் போய்விடுகிறது. அப்போது எனக்கு முன்னால் ஒரு பஸ் வந்தது. கடவுள் அனுப்பியதுபோல், சிவப்பாக, பெரிதாக. என் உடம்பு தன் பாட்டில் அதன் பின்னால் போனது.

"அப்பா, இது பஸ் மட்டும் போற றோட்!"

எனக்குக் கேட்டது. ஆனால் அந்தப் பஸ்ஸை விட்டால் நான் எதைப் பிடிப்பது? அது போனது, போனேன். அது தரிப்பில் ஒதுங்கியது, நானும் ஒதுங்கினேன், சிக்னல் போட்டு, ஓரக்கல்லுக்கு ஓரடி விட்டு, வடிவாக. வரிசையில் நின்ற ஒரு கிழவர் குனிந்து எங்கள் காருக்குள் பார்த்தார். அவர் தன் பஸ் அட்டையை நீட்டியிருந்தால் நான் ஏற்றியிருப்பேன்.

பஸ் புறப்பட்டது. நானும் எடுத்தேன். இடப்பக்கம் அந்தத் தெருவில் வந்து ஏறுகிற ஒரு ஒழுங்கை இருந்ததாம், நான் காணவில்லை. நான் கண்டது கண்ணாடியில் நடுவுக்கு இடப்பக்கமாக, வழக்கமான இடத்தில், வழக்கமான கறுப்பு அழுக்கை. கையை எடுத்துக் கண்ணாடிக்குத் தண்ணீர் அடித்தேன். வைப்பர் ஒருமுறை போய் வந்தது. அழுக்கு போகவில்லை. அசைந்தது. அதற்கு வெள்ளையாக ஒரு கழுத்து இருந்தது.

"அப்பா!" என்று ஆரபி கத்தினாள்.

காலுக்குப் பதினான்கு வருடப் பழக்கம் இருந்தபடியால் கார் நின்றது. நின்ற பிறகு, கீழே தகரம் விழும் சத்தம்.

கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண்பிள்ளை. சைக்கிளோடு விழுந்து கிடந்தாள். ஆரபியைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். நான் கதவைத் திறப்பதற்குள் அவளே எழும்பிவிட்டாள். எழும்பியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை "மன்னிக்கவும்". இந்த நாட்டில் அடிபட்டவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்பார்கள். முழங்காலில் இரத்தம். வேறு அடி இல்லை. ஒன்பதரைக்குச் சோதனையாம், கடைசிச் சோதனையாம், கட்டாயம் போக வேண்டுமாம். சுகந்தி இறங்கித் தன் சால்வையைக் கிழித்து முழங்காலைச் சுற்றினாள். நான் ஒரு துண்டில் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். வரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிப்போயிற்று. சைக்கிளின் முன்சில்லு பப்படம்போல் வளைந்திருந்தது. அதைக் கம்பியில் சாத்திவிடுங்கள் என்றுவிட்டு அவள் நொண்டிக்கொண்டே ஓடினாள். அந்தக் கறுப்புக் கொஞ்சத் தூரத்திலேயே எனக்கு மறைந்துவிட்டது.

"திடீரெண்டு வந்திட்டாள்" என்றேன்.

"இல்லை அப்பா" என்றாள் ஆரபி. "அவ மெதுவாத்தான் வந்தவ. எங்களுக்கு நேர முன்னால."

சுகந்தி சாரதிப் பக்கக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்கோ."

அவ்வளவுதான் சொன்னாள். இறங்கினேன். அவள் ஏறி, சீட்டை முன்னுக்கு இழுத்து, கண்ணாடிகளைச் சரிபார்த்து, கைப்பையைத் திறந்து லைசன்ஸை எடுத்து முன்னால் வைத்தாள். லைசன்ஸ் அலுமாரிக்குள் இல்லை. கைப்பைக்குள் இருந்திருக்கிறது. காரை எடுத்துக்கொண்டு அந்தக் கார்த் தரிப்பிடத்துக்கே திரும்பிப் போய் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

அதற்கிடையில் நானும் ஆரபியும் சைக்கிளோடு. உருட்ட முடியாது, சில்லு சுற்றாது. தோளில் தூக்கிக்கொண்டேன். ஒக்ஸ்ஃபோர்ட் என்ற சரித்திரப் பெயர் பெற்ற ஊரை நான் பார்த்தது இப்படித்தான், தோளில் ஒரு சைக்கிளோடு, வலப்பக்கம் மட்டும். இடப்பக்கத்தைச் சில்லு மறைத்துவிட்டது. வட்டமாக ஒரு பெரிய கட்டடம், நூலகமாம். கூரை முழுக்கக் கூர்க் கூராக என்னவோ. சீனாக்காரச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று நூலகத்தை விட்டுவிட்டு என்னைப் படம் எடுத்தது. ஆரபி வழக்கம்போல் வெட்கப்பட்டுத் தள்ளி நடக்கவில்லை. பின்சில்லைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். ஒன்றும் பேசவில்லை. அதுதான் பாரமாக இருந்தது. சைக்கிள் அவ்வளவு பாரமில்லை.

திருத்துகிற கடைக்காரன் புதுச் சில்லுப் போட்டுத் தந்தான். பன்னிரண்டரைக்கு, ஆரபி போனில் தேடிப் பிடித்த சோதனை மண்டபத்துக்கு வெளியே போய் நின்றோம். சுகந்தியும் வந்துவிட்டாள். சைக்கிளை அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் நான் நகரமாட்டேன் என்றேன். அவள் சோதனை எழுதினாளா என்று தெரிய வேண்டும்.

கதவு திறந்தது. நூறு இருநூறு பிள்ளைகள், எல்லாரும் கறுப்பு அங்கி, இங்கே சோதனைக்கு அதுதான் உடுப்பாம். வெளியே நின்ற கூட்டாளிமார் கத்திக்கொண்டு கலர் கடதாசித் துண்டுகளை அள்ளி எறிந்தார்கள்.

"ஏன் எல்லாரும் நெஞ்சில கறுப்பாய் என்னவோ குத்தியிருக்கினம்?" என்று கேட்டேன்.

ஆரபி என்னைக் கிட்ட நெருங்கி வந்தாள். "அது பூ, அப்பா" என்றாள் மெதுவாக. "கார்னேஷன். முதல் சோதினைக்கு வெள்ளை, நடுவில ரோஸ், கடைசிக்குச் சிவப்பு. இப்ப நிறையப் பேர் சிவப்பு. நல்ல சிவப்பு."

நான் கூட்டத்துக்குள் அந்தப் பிள்ளையைத் தேடினேன். நெற்றியில் கை வைத்து, எட்டி எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் பார்த்தேன், இந்தப் பக்கம் பார்த்தேன்.

"அப்பா." ஆரபி என் கையைப் பிடித்தாள். "அவ உங்களுக்கு முன்னால நிக்கிறா. வந்து கனநேரம்."

குனிந்து பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிலந்தி நூல். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஒரு காது, முடி, தோளில் ஒட்டியிருந்த கடதாசித் துண்டுகள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "என் சைக்கிளா இது? முன்பிருந்ததைவிட நன்றாக இருக்கிறதே" என்றாள். சோதனை எழுதிவிட்டாளாம், பரவாயில்லையாம்.

என் ஆங்கிலத்தில் சொற்கள் குறைவு. குறைவாக இருந்தது நல்லதாகப் போயிற்று. வளைத்து நெளித்துப் பொய் சொல்லச் சொல் காணாது. "பிழை உன்னுடையது அல்ல. நான் உன்னைக் காணவில்லை. எனக்குக் கண் தெரியாது" என்றேன். மூன்று வசனம். மூன்று கிழமையாகத் தமிழில் யாருக்கும் சொல்லாததை முன்பின் அறியாத ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு நடுத்தெருவில் சொன்னேன். அவள் என் கையைத் தொட்டு என்னவோ சொன்னாள். பிறகு கூட்டாளிமார் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

திரும்பினேன். சுகந்தி நின்றாள்.

"நேற்று இன்சூரன்ஸ் பேப்பர் தேடேக்க உங்கட கொப்பிக்குள்ள கடிதத்தைக் கண்டனான்" என்றாள். "கண்ணாடியில ஒண்டும் இல்லையெண்டு தெரிஞ்சுகொண்டுதான் தேய்ச்சனான். தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்களா வந்து சொல்லுவியள் எண்டு பாத்தன். காலமையாவது கார்த் திறப்பை என்ர கையில தருவியள் எண்டு பாத்தன். அடம்பிடிச்சு நானே பறிச்செடுத்திருக்கவேணும். எடுக்கேல்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால் அதில பாதி எனக்கு."

அழுதாள். நான் எவ்வளவோ பகிடி தெரிந்தவன். கிழிந்த சால்வையின் மிச்சத்தைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

வீடு வரைக்கும் சுகந்திதான் ஓட்டினாள். நான் பின்சீட்டில், கட்லட் பெட்டியோடு ஆரபி பக்கத்தில். முதல் ரவுண்டபோட்டில் "வலப்பக்கம் பா..." என்று வாயைத் திறந்தேன். ஆரபி ஒரு கட்லட்டை வாய்க்குள் வைத்தாள். "இடைவெளி விட்டு..." இன்னொன்று. மோட்டர்வேயில் அவள் நாற்பத்தைந்தில் போனாள், பின்னால் வந்த லொறிகள் எல்லாம் ஹோன் அடித்தன, நான் அதற்கும் வாயைத் திறந்தேன். வீடு வந்தபோது ஒன்பது.

அவள் ஒரு பிழையும் விடவில்லை. அதை அவளிடம் சொன்னேன். பதினொரு வருடம் பிந்திவிட்டது என்றாள்.

ஜூன் 16, ஞாயிறு

11.8. இன்று தந்தையர் தினமாம். ஆரபி அட்டை தந்தாள். தமிழில் எழுதியிருக்கிறாள், இரண்டு எழுத்துப் பிழை. அட்டை முழுக்க இரண்டே சொல்: "அண்புள்ள அபபா". அவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறாள்.

ஜூன் 17, திங்கள்

10.6.

டிப்போவுக்கு சுகந்தி கொண்டுபோய் விட்டாள். வாசலில் நின்ற சாரதிமார் விசிலடித்தார்கள். மனேஜரின் அறைக்குள் போய்க் கடிதத்தை மேசையில் வைத்தேன். வாசித்தார். திகதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நல்ல மனிதர், கத்தவில்லை. கத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். மேலிடத்துக்கு எழுத வேண்டும், விசாரணை இருக்கும் என்றார். இருக்கத்தான் வேண்டும் என்றேன். அடையாள அட்டையைக் கழற்றி வைத்தேன். கழுத்து வெறுமையாகிப்போயிற்று.

கடிதம் வந்து மூன்று கிழமை. ஓய்வுநாள் போகப் பதினைந்து நாள் பஸ் எடுத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறி இறங்குவார்கள் என்று மனதுக்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கி, நிறுத்திவிட்டேன். கணக்கில் மட்டுமட்டாகத் தப்பியவன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இதிலும் அப்படித்தான்.

வெளியே வந்தபோது கழுவுமிடத்தில் போலந்துக்காரன் நின்றான். போய் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அழுக்குத் தெரியவில்லை, ஆனாலும் தினமும் இரண்டு தரம் துடைத்தேன்" என்றான்.

ஜூன் 21, வெள்ளி

9.4. கண் வைத்தியசாலை. வலது கண்ணில் லேசர் அடித்தார்கள். போனது திரும்பி வராதாம், இருப்பதைக் காப்பாற்றலாமாம். பஸ் லைசன்ஸ் முடிந்தது. காரும் இனி இல்லை. சுகந்தி வெளியே காரில் இருந்தாள். ஏறியதும் பெல்ட்டைப் போடச் சொன்னாள்.

ஜூன் 28, வெள்ளி

8.1. (உண்மையாக.)

இனி இந்தத் தடித்த பேனைதான். ஒரு பக்கத்துக்கு ஆறு வரிதான் கொள்கிறது. அளந்து எழுத வேண்டும்.

டிப்போவில் சாமான்களை எடுக்கப் போனேன்: ஒரு கோப்பை, ஒரு மழைக்கோட்டு. தொலைந்த பொருட்கள் பிரிவில் ஆள் தேவையாம், விசாரணை முடிந்தால் பார்க்கலாம் என்றார் மனேஜர். அங்கே எதையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லையாம். கொண்டுவருவதை வாங்கி வைத்தால் போதுமாம். எனக்கென்றே செய்த வேலை.

வாசலில் ஆரபி நின்றாள், பள்ளிக்கூட உடுப்போடு. கையில் ஏதோ கறுப்பாக. என் சேர்ட்டில் குத்தினாள்.

"என்ன நிறம்?"

"சிவப்பு, அப்பா. கடைசிச் சோதினைக்கு."

சோதனையில் பெயிலாகிப் பூக் குத்திக்கொண்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நேசனின் பஸ்ஸில் ஏறினோம். மேல்தட்டு, முன்சீட். பதினான்கு வருடத்தில் நான் மேல்தட்டில் இருந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு தரிப்புகளைச் சொன்னேன், ஆரபி சரிபார்த்தாள். பள்ளிக்கூடம். சரி. கோழிப்பொரியல் கடை, பதினெட்டு எண்ணினேன், சந்தி விளக்கு. சரி. பாலத்துக்குக் கீழ் சத்தம் கனத்தது, லேசானது. லைப்ரரி. சரி.

கதவு மூடியது. பஸ் அசைந்தது. உடனே மறுபடி நின்றது.

"இஞ்ச ஏன் நிக்கிறான்?" என்றேன். "இதில ஒண்டும் இல்லையே."

"ஒரு ஆன்ரி ஓடி வாறா, அப்பா. கையைக் காட்டிக்கொண்டு. தூரத்தில."

கண்ணைத் திறந்து கீழே பார்த்தேன். எனக்கு அவவைத் தெரியவில்லை. நேசனுக்குத் தெரிந்திருக்கிறது. கதவு திறந்தது. படியில் கால் வைக்கும் சத்தம் கேட்டது.